சிவப்புப் புள்ளி நடுவில் நிற்கிறது என்று நம்பி ஏமாந்தேன்

பழைய தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 130 மி.மீ. நியூட்டோனியன் ஒன்றை, அதாவது அடியில் 130 மி.மீ. அகலப் பெரிய கண்ணாடியும் மேலே ஒரு சிறிய கண்ணாடியும் வைத்த தொலைநோக்கியை, 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடிகளைக் கழுவி, கோலிமேஷன் (இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தும் வேலை) செய்து தருவதாகச் சொல்லி, விற்றவர் தனியாக 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த 1,500 ரூபாய் வேலைதான் மொத்தத்தையும் கெடுத்தது.

அவர் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், ஃபோகஸரில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையைச் செருகும் குழாய்) லேசரைச் செருகிக் காட்டினார். சிவப்புப் புள்ளி பெரிய கண்ணாடியின் நடு வளையத்தில் விழுந்து, திரும்பி லேசரின் துளைக்கே வந்து சேர்ந்தது. "மயிரிழை பிசகவில்லை சார், லேசரையும் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அது 2025 ஜனவரி. வியாழன் ரோகிணிக்குப் பக்கத்தில் நின்ற நேரம். சென்னையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) பார்த்தபோது குறை தெரியவில்லை. இன்னும் பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. போட்டதும் வியாழனின் ஒரு விளிம்பு ஈரச் சுண்ணாம்பைத் தேய்த்தது போல் வழிந்தது. அதன் நிலவுகளுக்கெல்லாம் ஒரே பக்கமாக வால். தொலைபேசியில் கேட்டால், "வானம் சரியில்லை சார், சென்னைத் தூசி" என்றார். வானம் சரியில்லை என்றால் பிம்பம் நடுங்கும், அலையும். நான்கு இரவும் ஒரே பக்கம் வால் முளைக்குமா? ரோகிணியை நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றே கலைத்தேன். வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய வேண்டியது, ஓட்டை ஓரத்துக்குப் போன மெதுவடையாகத் தெரிந்தது.

சொந்தமாகக் கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்யும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். முதலில் அந்த இலவச லேசரை ஃபோகஸரில் ஆட்டமில்லாமல் பிடித்து, மெல்லச் சுற்றினார். நேரான லேசராக இருந்தால் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது பெரிய கண்ணாடியின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் போட்டது. அடிமட்டமே கோணல்; அதை வைத்துத்தான் கோடு நேர் என்று எனக்குக் காட்டியிருக்கிறார்.

அடுத்து கண்ணாடியைக் கழற்றி வளையத்தை அளந்தோம். ஒரு விளிம்பிலிருந்து 58 மி.மீ., எதிர் விளிம்பிலிருந்து 72. இரண்டு பக்கமும் 65 இருக்க வேண்டும். கழுவியபோது பழைய அடையாளம் போயிருக்கிறது. கோப்புக் காகிதத்தின் துளை கிழியாமல் ஒட்டுவோமே, அந்த வளையத்தைக் கண்ணளவில் ஒட்டிவிட்டார். கழுவிய லட்சணமும் அப்போதுதான் தெரிந்தது: துணியால் அழுத்தித் துடைத்த கோடுகள், ஒரே திசையில். வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம். இதற்கு அலுமினியப் பூச்சு முன்பக்கம், திறந்தே கிடக்கும். ஓடும் நீரில் அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சாய்த்து வைத்தாலே போதும்.

130 மி.மீ. வட்டமாகக் காகிதம் வெட்டி, நான்காக மடித்து, முனையை நறுக்கினால் நடு கிடைத்துவிடும். வளையத்தை அங்கே மாற்றி ஒட்டினோம். அந்த இடம் சிறிய கண்ணாடியின் நிழலில் கிடப்பதால் ஒட்டியது காட்சியைக் கெடுக்காது. பிறகு அடியில் ஊசித்துளை போட்ட பழைய ஃபிலிம் டப்பாவை ஃபோகஸரில் வைத்துப் பார்த்தபடி, திருகுகளைத் திருப்பி ஒரு மணி நேரத்தில் முடித்தோம். செலவு ஒரு பைசா இல்லை.

ஆகவே, பகலில் லேசர் காட்டுகிறவரிடம் இரவில் வருகிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். உயரத்தில் நிற்கும் நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து ஃபோகஸைக் கலைத்துப் பாருங்கள். நகராது என்பதால் துருவ நட்சத்திரத்தைச் சொல்வார்கள். சென்னையில் அது 13 பாகை உயரத்தில் புழுதிக்குள் கிடக்கிறது, நம்பாதீர்கள்.

வால் போய்விட்டது. துடைத்த கோடுகள் போகவில்லை. 1,500 ரூபாயையாவது திருப்பிக் கேட்டேன். "வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்கள் என்ன செய்தீர்களோ சார்" என்றார்.