வாய்தாக் கணக்கைக் கையில் கொடுத்த இ-கோர்ட்ஸ் செயலி

வியாசர்பாடியில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அம்மா சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட தேதிகள் எல்லாம் என் தம்பியின் வாய்தா நாட்கள். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய ஒரு திருட்டு வழக்கில் அவன் புழல் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது என்பதை அறியவே நீதிமன்ற வராண்டாவில் பொழுதெல்லாம் நிற்போம். அந்த அலைச்சலை நிறுத்தியது இ-கோர்ட்ஸ் என்ற இலவசச் செயலி.

ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் உண்டு. அதை உள்ளிட்டால் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, இதுவரை எத்தனை வாய்தா என்பதெல்லாம் வரிசையாக வருகின்றன. பழைய தேதி ஒன்றைத் தொட்டால் அன்று நடந்தது என்ன என்ற குறிப்பும் திறக்கிறது. எனக்கு இந்தக் குறிப்புதான் செயலியின் உயிர்.

விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று ஹுசைனாரா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இலேயே சொல்லிவிட்டது. ஆனால், குற்ற வழக்குகளை இத்தனை ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்று பொதுவான வரம்பு விதிக்க இயலாது என்று 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியதால், தாமதத்தை வழக்குக்கு வழக்கு எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவோ, இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது. தம்பிக்கு அது இரண்டு ஆண்டு நான்கு மாதம். அதில் குற்றம் சாட்டப்பட்டவரால் நேர்ந்த தாமதம் கழிக்கப்படும் என்பதால், வாய்தா யாரால் போனது என்ற கேள்வி எங்களுக்கு வாழ்வா சாவா என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் செயலியைத் திறந்து படிக்கப் படிக்க, நான் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மொத்தம் பத்தொன்பது வாய்தா. பதினொன்றில் சாட்சி வரவில்லை. நான்கில் காவலுக்குப் போலீஸ் இல்லாமல் தம்பியைச் சிறையிலிருந்து அழைத்து வரவில்லை. மூன்றில் நீதிபதி விடுப்பு. எங்கள் தரப்பு கேட்டது ஒன்றே ஒன்று. 15100 என்ற சட்ட உதவி எண் வழியாகக் கிடைத்த இலவச வழக்கறிஞர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை வைத்தே மனு எழுதிவிடலாம்" என்றார். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் வழக்கறிஞர் உண்டு என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

குறையும் உண்டு. சிறையில் கழிந்த நாட்களைச் செயலி கூட்டித் தராது. அதை நாம்தான் கணக்கிட வேண்டும். எங்கள் வழக்கில் குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. மகள் இல்லையென்றால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. விசாரணைக் கைதிகளின் குடும்பங்கள் படிக்க வேண்டிய வரிகள் தமிழில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தம்பி பிணையில் வீட்டுக்கு வந்துவிட்டான். வழக்கு மட்டும் இன்னும் சாட்சி விசாரணையிலேயே நிற்கிறது. நேற்றிரவு செயலி காட்டியது இருபத்து நான்காவது வாய்தா. அம்மா அந்தத் தேதியையும் வட்டமிட்டிருக்கிறார்.