'கடைசி வார்த்தை உங்களுடையதுதான்' என்றார்கள். நான்கு மாதச் சம்பளம் போனது

வேலையை விட்டதற்கான கடைசிக் கணக்கு நேற்று மாலை வந்தது. எனக்குத் தரவேண்டிய நான்கு மாதச் சம்பளத்துக்கு நேரே பூஜ்யம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஆறவிட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. மற்ற மென்பொருள் நிறுவனங்களுக்குக் கருவிகள் செய்து விற்கும் நடுத்தர நிறுவனம், அவ்வளவுதான். கடைசியில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்கிறேன்.

வேலைக்குச் சேரும் முன்பே நான் ஒரு லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல், எழுதி வைத்திருந்தேன். பெரிய வேலையைத் துண்டு துண்டாக வரிசையில் போட்டு, எது பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும். ஐந்து வருட இரவுகள் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தேன். அதைத் தங்கள் தயாரிப்பில் பயன்படுத்திக்கொண்டிருந்த இவர்கள்தான் தேடி வந்து கூப்பிட்டார்கள்.

வீடியோ அழைப்பில் பொறியியல் பிரிவின் தலைவரே பேசினார். என் கோட் வரிகளைப் படித்துவிட்டு வந்திருந்தார். "ஒவ்வொரு தடவை தோத்ததும் மறுபடி முயற்சிக்கிற இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போறீங்க, சரி. அதுல கொஞ்சம் குத்துமதிப்பா ஏத்தி இறக்கவும் செய்றீங்களே, எல்லாரும் ஒரே நொடியில திரும்பி வந்து சர்வர்ல மோதக் கூடாதுன்னுதானே?" என்று கேட்டார். அந்த ஐந்து வரிகளுக்காக நான் ஒரு மாதம் மண்டையை உடைத்திருந்தேன். அதுவரை ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

"லைப்ரரியை எங்க கணக்குக்கு மாத்திக் கொடுங்க. வடிவமைப்புல கடைசி வார்த்தை உங்களுடையதுதான். சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனா ஒரு வருஷம் முடிஞ்சதும் நாலு மாசச் சம்பளம் மொத்தமா வந்துரும்" என்றார். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். "ஒப்பந்தம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. இதையெல்லாம் சேர்க்கச் சொன்னா சட்டப் பிரிவுல மூணு மாசம் தூங்கும். என்மேல நம்பிக்கை இல்லையா?"

இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ரெப்போ (கோட் முழுதும் இருக்கும் இணையக் கிடங்கு), புதிய பதிப்பை வெளியிடும் அனுமதி, லைப்ரரியின் பெயர், மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றிக் கொடுத்தேன். நான்கு மாதச் சம்பளம் பற்றி வேலை உத்தரவில் ஒரு வரி இருந்தது. அதன் கடைசியில் 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்று இருந்ததை நான் படித்தேன். படித்தும் கடந்து போனேன்.

முதல் எட்டு மாதம் நன்றாகவே போனது. அப்புறம், லைப்ரரி எங்கெங்கே ஓடுகிறது, எத்தனை வேலைகள் தோற்கின்றன என்ற தகவல்களைப் பயனர்களுக்குத் தெரியாமல் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கோடைச் சேர்க்கும் முன் சரிபார்க்கும் ரிவ்யூவில் முடியாது என்று எழுதினேன். கேட்டு வாங்குங்கள், வேண்டாம் என்பவர்களிடம் எடுக்காதீர்கள் என்று மாற்று வழியும் கொடுத்தேன். பதில் இல்லை. மூன்று நாள் கழித்துப் பார்த்தால், யார் ஒப்புதல் இல்லாமல் கோட் உள்ளே போகக் கூடாது என்று சொல்லும் கோப்பிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

அதோடு விடவில்லை. பிழைச் செய்திகளைச் சீராக்க நான் தனி பிராஞ்சில், அதாவது கோடின் தனிக் கிளையில், வேலை செய்துகொண்டிருந்தேன். அதன்மேலேயே இந்தத் தகவல் அனுப்பும் கோட் வரிகளை ஏற்றி, எல்லா கமிட்களையும் (யார் எதை மாற்றினார் என்ற பதிவுகள்) நசுக்கி ஒன்றாக்கி, முக்கியக் கிளையோடு மெர்ஜ் செய்துவிட்டார்கள். அப்படிச் செய்யும்போது பழைய கமிட்களை எழுதியவர்கள் எல்லோரும் இணை ஆசிரியராகக் கீழே வந்து உட்காருவார்கள். இன்று யார் பார்த்தாலும், பயனர்களை வேவு பார்க்கும் அந்தக் கமிட்டில் என் பெயர் இருக்கிறது. 1979இல் அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் விளையாட்டுகள் எழுதிய நான்கு பேர் விலகி ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எழுதியவர் பெயரை வெளியே சொல்லாததும் அதற்கு ஒரு காரணம். எனக்கோ நான் எழுதாததில், எழுதாதே என்று சண்டை போட்டதில், என் பெயர்.

பதினான்காவது மாதம் விலகல் கடிதம் கொடுத்தேன். நான்கு மாதச் சம்பளம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். அப்போது கேட்டதற்கு 'அடுத்த காலாண்டில்' என்றிருந்தார்கள். இப்போது எச்.ஆரைக் கேட்டால் சட்டப் பிரிவு என்கிறார்கள். சட்டப் பிரிவு எச்.ஆர் என்கிறது. உள்ளே ஒரு புகார் டிக்கெட் போட்டேன், ஒரு கேள்விகூடக் கேட்காமல் 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். அந்தத் தலைவருக்கு நேரடியாக எழுதினேன். "உங்க உணர்வு புரியுது, ஆனா இது என் கையில இல்லைங்க" என்று ஒரே வரி. கடைசி வார்த்தை என்னுடையது என்று சொன்ன அதே மனிதர்.

வக்கீலைப் பார்த்தேன். மென்பொருளும் இலக்கியப் படைப்பு போலவே பதிப்புரிமை பெறும், உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் வேலையின் பகுதியாக எழுதியது பெரும்பாலும் முதலாளிக்குத்தான் போகும், சேரும் முன் எழுதியதையும் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். எம்ஐடி உரிமத்தில் ஏற்கெனவே வெளியான பதிப்பை வேறு யாரையும் போல நானும் எடுத்துத் தொடரலாம். பெயர் மட்டும் கிடைக்காது. ஹட்சன் என்ற திறந்த மென்பொருள் விஷயத்திலும் பெயருக்கு ஆரக்கிள் நிறுவனம் உரிமை கொண்டாடியதால்தான் 2011இல் அதை எழுதிவந்த சமூகம் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் கூட்டமே இருந்தது. நான் ஒற்றை ஆள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. சேரும் முன் எழுதிய கோட் என்னென்ன என்ற பட்டியலை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியிடும் அனுமதியை முழுவதுமாகக் கொடுக்காதீர்கள். பெயரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 'விருப்பத்துக்கு உட்பட்டது' என்று இருந்தால் அந்தப் பணம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதச் சம்பளம், நான்கு மாதச் சம்பளம் என்று ஒரு வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று காலைகூட ஒருவர் எழுதியிருக்கிறார்: "உங்களை நம்பித்தானே இதைப் போட்டேன், எங்கள் சர்வரிலிருந்து ஏன் தகவல் வெளியே போகிறது?" கேட்பது நியாயம்தான். எந்தப் பதிப்புவரை பாதுகாப்பானது என்று அவருக்குப் பதில் எழுத வேண்டும். இன்னும் பதினேழு பேர் காத்திருக்கிறார்கள்.