“திரையில் என்ன எழுதியிருக்கு?” லினக்ஸ் மின்டோடு ஐந்து ஆண்டுகள்

2020 இறுதியில் என் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் 20ஆம் பதிப்பைப் போட்டேன். பிறகு வந்த 21, 22 பதிப்புகளுக்கும் அதே கணினியில், எதையும் அழிக்காமல் மாறினேன். கணக்கு எழுத, கடிதம் அடிக்க, படம் பார்க்க எனக்கு இது போதும் என்று முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் சொந்தத்திலும் தெருவிலும் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தேன். போட்டுக் கொடுத்தவனைத்தான் சிக்கல் வந்தால் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புகளில் கற்றதுதான் இங்கே அதிகம் வரும்.

பெரியம்மா மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு மழை நாளில், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் போன் செய்தார்.

“தம்பி, சிஸ்டம் போச்சு. அப்டேட் போட்டா எரர் வருது.”

“திரையில் என்ன எழுதியிருக்குண்ணே?”

“ஏதோ இங்கிலீஷ்ல வருதுப்பா.”

“அப்படியே ஒவ்வொரு எழுத்தா வாசிங்க, அவசரமில்லை.”

வாசித்தார். மென்பொருள்களை நிறுவும் ‘டிபிகேஜி’ என்ற கருவி பாதியில் நின்றுவிட்டது, சரிசெய்ய இந்தக் கட்டளையை நீங்களே ஓட்ட வேண்டும் என்று அந்த வரி சொன்னது. கட்டளையும் மேற்கோள் குறிக்குள் முழுசாக இருந்தது. கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து அதை அப்படியே அடிக்கச் சொன்னேன். பாதியில் நின்ற மென்பொருள் பொதிகள் நிறுவி முடிந்தன. அன்று நான் சொந்தமாக எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, திரையில் இருந்ததைத்தான் இருவரும் சேர்ந்து படித்தோம்.

இன்னொரு முறை கரண்ட் போனபோது கணினி முழுசாகத் தொடங்காமல், கருப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று வந்து நின்றது. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். அதிலும் வட்டின் எந்தப் பகுதியை, அதாவது எந்தப் பார்ட்டிஷனைச் சோதிக்க வேண்டும் என்று மேலேயே எழுதியிருந்தது. வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை அடித்து, அந்தப் பார்ட்டிஷன் பெயரைச் சேர்த்து, கேட்ட கேள்விகளுக்கு ‘ஒய்’ அழுத்தி, கணினியை மறுபடி தொடங்கினோம். மறுவாரம் அண்ணன் கடைக்கு யுபிஎஸ் வாங்கினார்.

புதியவர்கள் தடுமாறுவது இந்த வாசிப்பில்தான். ஆங்கிலத்தில் நாலு வரி கண்டதும் பலர் மூடிவிட்டு, “வேலை செய்யல” என்று மட்டும் சொல்கிறார்கள். அதனால் இப்போது யாருக்கு நிறுவிக் கொடுத்தாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன்: எரர் வந்தால் எதையும் மூடாதீர்கள், திரை முழுவதும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கள், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். பாதிச் சிக்கல் அந்த போட்டோவிலேயே தெரிந்துவிடும். அத்தைக்கு மெனுவைத் தமிழில் வைத்துக் கொடுத்தேன். எல்லாம் மொழிபெயர்க்கப்படவில்லை, ஆனாலும் அவருக்குப் பிடித்திருக்கிறது. எரர் தமிழில் வந்தால் மட்டும் இணையத்தில் தேடிப் பதில் கிடைப்பது கடினம். அந்த நேரத்துக்கு மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பேன்.

நிறுவியதும் வைஃபை வரவில்லை என்பது அடுத்து அதிகம் கேட்பது. சில பழைய மடிக்கணினிகளின் வைஃபை சிப்புக்குத் தனி டிரைவர் வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். வழி எளிது. போனை சார்ஜர் கேபிளில் கணினியோடு இணைத்து, போனின் நெட்டைக் கணினிக்குப் பகிரும் யுஎஸ்பி டெதரிங்கைப் போனில் இயக்கினால் மின்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும். அதற்கு முன் விசைப்பலகையில் விமானக் குறி போட்ட பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அத்தை வீட்டில் சிக்கல் அவ்வளவுதான்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் தவறும். தங்கை மகன் இரவு பத்து மணிக்கு விண்டோஸுக்குப் போனால் மாலை நாலரை காட்டியது. போர்டு பேட்டரி போய்விட்டது என்று நினைத்து புதிது வாங்கிப் போட்டும் மாறவில்லை. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். லினக்ஸையும் உள்ளூர் நேரம் எழுதச் சொல்ல ஒரே வரிக் கட்டளை போதும். அதேபோல் லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை என்றால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுசாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும் வட்டில் எழுத லினக்ஸ் மறுக்கிறது. அந்த மறுப்பு நம் கோப்புகளின் நன்மைக்குத்தான்.

டைம்ஷிஃப்ட்தான் மின்டில் எனக்கு மிகப் பிடித்தது. சிஸ்டத்தின் நிலையை அப்படியே பதிந்து வைத்து, தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நிறுவி முடித்ததும் நான் முதலில் செய்வது இதை அமைப்பதுதான். ஆனால் ஒருமுறை அளவு பார்க்காமல் அமைத்துவிட்டேன். தினமும் ஒன்று, வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று சேர்ந்து ஒரு உறவினரின் 120 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது. சரியான கடவுச்சொல் போட்டாலும் திரை ஒருமுறை மின்னி மறுபடி அதே லாகின் பக்கத்துக்கு வந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் நுழைந்து பார்த்தபோது வட்டு நூறு சதவீதம் நிறைந்திருந்தது. பழைய பதிவுகளை அழித்ததும் சரியானது. இப்போது வாரம் ஒன்று என்று மட்டும் அமைத்து, இரண்டு பதிவுகளை மட்டும் வைக்கிறேன். இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: உங்கள் போட்டோக்களையும் கோப்புகளையும் டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சேமிக்காது. அவற்றுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும்.

தமிழ்த் தட்டச்சில் குறை இல்லை. இன்புட் மெத்தட் அமைப்பில் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைத் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிரிண்டரில்தான் எனக்குத் தோல்வி. அண்ணன் கடையில் உள்ள சிறிய லேசர் பிரிண்டரை ஒரு வாரம் போராடி ஓட வைத்தேன், அடுத்த பதிப்புக்கு மாறியதும் நின்றுபோனது. இப்போது அச்சுக்கு மட்டும் கடையில் ஒரு பழைய விண்டோஸ் கணினி இருக்கிறது. அதனால் கடை வைத்திருக்கும் யார் கேட்டாலும் பென்டிரைவில் மின்டைப் போட்டு, நிறுவாமலேயே ஓட்டி, முதலில் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் பழைய மடிக்கணினியிலும் மின்டின் முதன்மைப் பதிப்பான சின்னமன் நன்றாக ஓடுகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு அப்படிப்பட்ட கணினிகளோடு பலர் வருகிறார்கள். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த இரண்டும் வந்தன. அவற்றில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ரேம். மின்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். எழுதவும் பாட்டுக் கேட்கவும் சரியாக இருக்கிறது, உலாவியில் மூன்றாவது டேப் திறந்தால் திணறுகிறது. இரண்டுக்கும் ஏற்ற பழைய ரேம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று கிடைத்துவிட்டது.