பனையைத் தேடி ஐந்து மின்னூலகங்கள்: எதில் எது கிடைக்கிறது?

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வாசிப்புக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு புரொஜெக்டர், என் கைபேசி, அவ்வளவுதான் வசதி. இந்த மாதம் பனையை எடுத்துக்கொள்வோம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். ஒரு நூல், திரையில் ஓட்ட ஒரு குறும்படம், ஒரு பாடம். மூன்றும் பனையைப் பற்றி இருக்க வேண்டும், காசு கேட்கக் கூடாது, திருட்டுப் பிரதியாகவும் இருக்கக் கூடாது. இரண்டு வாரம் இரவு நேரங்களில் ஐந்து மின்னூலகங்களில் இதே வேலையாக இருந்தேன். ஒரே பொருளை வைத்துத் தேடியதால் ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் நன்றாகவே தெரிந்தன.

முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயரோடு நன்றி இருக்கும். அதைப் படிக்காமல் கீழே போவதில்லை என்று எனக்கு ஒரு வழக்கம்.

தட்டச்சுப் பிரதியின் அருமை தேடும்போதுதான் விளங்கும். திருக்குறள் கோப்பைத் திறந்து ‘பனைத்துணை’ என்று தேடினால் போதும், 104, 433, 1282 என்று மூன்று குறள்கள் வந்து நிற்கும். முதலாவது நன்றியறிதலில், அடுத்தது குற்றங்கடிதலில், மூன்றாவது காமத்துப்பாலில் புணர்ச்சி விதும்பலில். மூன்றிலும் தினைக்கு எதிராகப் பனை. தினையளவு உதவியைப் பனையளவாக எண்ணுவது, தினையளவு பிழையைப் பனையளவாக எண்ணி நாணுவது, பனையளவு காமம் வரும்போது தினையளவும் ஊடாதிருப்பது. அறத்துப்பாலில் ஒன்று, பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று! இத்தனை ஆண்டுகள் குறள் நடத்தியும் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கோப்பும் மிகச் சிறியது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் எங்கள் ஊரில்கூட உடனே திறக்கிறது.

ஆனால் தேடல் பெட்டிக்கு நாம் கொடுக்கும் சொல் மட்டும்தான் தெரியும். சங்கப் பாட்டில் பனைக்குப் பெண்ணை என்று பெயர் உண்டு, போந்தை என்று பெயர் உண்டு. சேரர் சூடிய போந்தை பனைதான். குறுந்தொகை 182ஆம் பாட்டு ‘விழுத்தலைப் பெண்ணை’ என்று தொடங்குகிறது. காதலி கிடைக்காதவன் பனை மடலால் குதிரை செய்து ஏறுவேன் என்று சொல்லும் பாட்டு. ‘பனை’ என்று தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது. வெறும் மூலத்தை மட்டும் வைத்திருக்கும் கோப்பில் இப்படி விட்டுப்போவது நிறைய.

இந்தக் குறையைத் தீர்ப்பது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பழைய நூலகப் பகுதி. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அதே நிறுவனம்தான். அங்கே மூலத்தோடு உரையும் உண்டு, அகராதிகளும் உண்டு. உரையில் ‘பெண்ணை – பனை’ என்று ஒரு வரி இருந்தால் போதும், நமக்கு வழி கிடைத்துவிடும். பிறகு அகராதியில் பனையைப் பார்த்து, அதன் மற்றப் பெயர்களை எழுதிக்கொண்டு மறுபடி தேடலாம். சங்க இலக்கியத்துக்கு நான் முதலில் போவது இங்கேதான். தளத்தின் தோற்றம் பழையது, கைபேசியில் எழுத்து சின்னதாகத் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதே நிறுவனத்தின் தமிழ் மின்னூலகம் வேறு வகை. அங்கே நூல்கள் பக்கப் படங்களாக இருக்கின்றன. நூல்கள், பருவ இதழ்கள், ஓலைச்சுவடிகள் என்று கடல் போல விரிகிறது. பனையைப் பற்றிப் பாடம் தேடப் போன எனக்கு, பனை ஓலையிலேயே எழுதிய சுவடியின் படம் கிடைத்தது. நடுவில் கயிறு கோக்கும் துளை, விளிம்பு அரித்த இடம், எழுத்தாணி ஆழமாக இறங்கிய கோடு, எல்லாம் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிகின்றன. திரையில் காட்டியதும் கடைசி பெஞ்சில் இருந்த பையன், “டீச்சர், புள்ளியே இல்லையே!” என்றான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கத்தை நான் சொல்லும் முன்பே அவன் கண்டுபிடித்துவிட்டான். தட்டச்சுப் பிரதியில் இது நடக்க வழியே இல்லை.

இந்த மின்னூலகத்தில் பலர் கவனிக்காத இன்னொரு புதையல், தமிழ்வழிக் கல்லூரிக் கல்விக்காக 1960களிலும் 70களிலும் அரசு வெளியிட்ட பாடநூல்கள். தாவரவியல், புவியியல், வேதியியல், வரலாறு என்று துறை துறையாக உண்டு. பாடம் பழசாகியிருக்கலாம், கலைச்சொற்கள் பழசாகவில்லை. பள்ளிப் பாடநூலுக்குப் பிடிஎஃப் இருக்கிறது, க்யூஆர் குறியீடு இருக்கிறது, 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் காணொளிகள் இருக்கின்றன. அவை தேர்வுக்குப் போதும். ஒருவித்திலைத் தாவரம் என்றால் என்ன, பனை ஏன் மற்ற மரங்கள் மாதிரி ஆண்டு வளையம் போட்டுப் பருக்கவில்லை என்று பிள்ளை கேட்டால், அழகான தமிழில் விளக்கம் சொல்லும் துணிவு எனக்கு அந்தப் பழைய நூல்களைப் படித்த பிறகுதான் வந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். கோப்புகள் பெரியவை, இறங்க நேரமாகும். நூலுக்குள் சொல் தேட முடியாதவை பல. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். புரட்டுவது எனக்குப் பிடிக்கும். நாளைக்குப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியருக்கு அந்த நேரம் இருக்காது.

பக்கப் படமும் வேண்டும், தேடலும் வேண்டும் என்கிறவர்களுக்கு விக்கிப்பீடியாவின் துணைத் தளமான விக்கிமூலம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் ஏராளமாக அங்கே உண்டு. ஒரு பக்கம் நூலின் படம், மறு பக்கம் எழுத்து. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. இந்த நேர்மையே அதன் பெருமை. எது சரிபார்க்கப்படாதது என்று தானே சொல்லிவிடுகிறது.

சிவப்புப் பக்கங்களை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கைபோல் வளைந்த கோடு வைத்த எழுத்து. னா, ணா, றா சுழித்த எழுத்து. பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கணினி இவற்றைப் படிக்கத் திணறும். ‘தலைவர்’ என்பதை ‘தலேவர்’ என்றும், ‘ஆனால்’ என்பதை ‘ஆனுல்’ என்றும், ‘கண்ணாடி’யைக் ‘கண்ணுடி’ என்றும் எழுதி வைக்கும். பனையிலேயே ஒரு ‘னை’ இருக்கிறது. பழைய நூலில் அது ‘பனே’ ஆகிவிட்டால், ‘பனை’ என்று தேடும் நமக்கு அந்தப் பக்கம் இல்லாத பக்கம்தான். எங்கள் பள்ளி ஆண்டுமலருக்கு ஒரு முறை இப்படித்தான் எங்கிருந்தோ ஒட்டி எடுத்த பத்தி பிழையோடு அச்சாகி, பெற்றோர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அதிலிருந்து பக்கப் படத்தைப் பார்க்காமல் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

நான்காவது, நான் மிகவும் மதிப்பது, ஈழத்து ‘நூலகம்’. 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சாம்பலான நூல்கள் ஏறத்தாழ 97,000. அந்த இழப்பைக் கண்ட மக்கள் இனி ஒரு துண்டுத்தாளும் போய்விடக் கூடாது என்று சேர்த்ததுபோல் இருக்கிறது அந்தத் தளம். நூல், இதழ், பத்திரிகை என்பதோடு நிற்காமல் பிரசுரங்கள், நினைவு மலர்கள் வரை சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் அவர் வாழ்க்கைக் குறிப்பு, குடும்ப விவரம், தேவாரப் பாடல்கள் எல்லாம் சேர்த்து அச்சிட்டுக் கொடுக்கும் சிறு நூல்தான் நினைவு மலர். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பார்கள். எந்தப் புத்தகக் கடையிலும் விற்காத நூல் அது.

சும்மா மேய்வதற்கு இதைப்போல் வேறு இடம் இல்லை. காரணம் எளிது. இதழ் ஒவ்வொன்றுக்கும் ‘உள்ளடக்கம்’ என்று கட்டுரைத் தலைப்புகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பக்கம் படமாக இருந்தாலும் தலைப்பைத் தேடலாம். ‘வாசிக்க’ என்ற இடத்தில் கோப்பு எத்தனை எம்பி என்றும் போட்டிருக்கும். டேட்டா கணக்குப் பார்க்கிறவருக்கு இதன் அருமை தெரியும். எழுத்தாளர் வாரியாக, பதிப்பாளர் வாரியாக, ஆண்டு வாரியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம்.

பனை என்று வந்தால் யாழ்ப்பாணத்துச் சொற்கள் வேறு. நாம் பதநீர் என்பது அங்கே கருப்பநீர். பனங்கிழங்கை அப்படியே காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனம்பழக் களியை வெயிலில் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. இந்தச் சொற்களைக் கொடுத்துத் தேடியபோதுதான் எனக்கு வேண்டியவை வெளியே வந்தன. கிழங்கை அவித்துத் தின்னத் தெரிந்த என் பிள்ளைகளுக்கு, அதை மாவாக்கிக் கூழ் காய்ச்சும் ஊர் ஒன்று இருப்பது பெரிய செய்தியாக இருந்தது. வாசிப்பு நேரத்துக்கான நூலை இங்கிருந்தே எடுத்தேன்.

குறும்படம்தான் கடைசிவரை சிக்கல். மேலே சொன்ன நான்கும் எழுத்துக்கானவை. நூலும் படமும் பாடமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இன்டர்நெட் ஆர்க்கைவில்தான். புரூஸ்டர் கேல் 1996இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அங்கே பிரெலிங்கர் தொகுப்பு என்று ஒன்று உண்டு. அமெரிக்கப் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் திரையிட்ட பழைய குறும்படங்கள் ஏராளம். சாலைப் பாதுகாப்பு, சுகாதாரம், இயற்கை என்று பத்து இருபது நிமிடப் படங்கள். ஒலியைக் குறைத்துவிட்டு நாமே தமிழில் சொல்லிக் காட்டலாம். அறிவியல் வகுப்புக்கு நன்றாக உதவுகிறது.

தமிழுக்கு அங்கே ஒழுங்கு குறைவு. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் ஒரே நூல் நான்கு பெயரில் இருக்கும். ஆங்கிலத்தில் ‘பல்மைரா’ என்று தேடினால் பனையோடு சிரியாவின் பழைய நகரமும் சேர்ந்து வந்து நிற்கிறது. உரிமை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, நூலுக்கு ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு. ஏற்றியவர் ‘பொதுவுடைமை’ என்று போட்டிருப்பதாலேயே அது பொதுவுடைமை ஆகாது, ஆண்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரவல் வாங்கிப் படிக்கும் ஆங்கில நூல்களையும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023இல் ஆர்க்கைவ் தோற்றது, 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. சுமார் 5 லட்சம் நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. பாடத்துக்கு வேண்டிய குறிப்பை அன்றே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பனைக்கு அங்கே வகுப்பில் போடும்படியான படம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த வெள்ளிக்கிழமை ஓலைச்சுவடிப் படங்களையே பெரிதாக்கித் திரையில் ஓட்டினோம். அடுத்ததாகப் பழைய அச்சுப் பக்கம் ஒன்றைப் போட்டு, துதிக்கை வைத்த ‘னை’யைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் போகாமல் நின்று, தங்கள் நோட்டில் ‘பனை’யை அந்தப் பழைய எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.