லைட் எரியுது எண்டு மட்டும் நம்பி ஃபோர் வீல் கெப் வாங்காதேங்கோ

திருகோணமலைப் பக்கம் பழைய டபிள் கெப் தேடிக்கொண்டு திரியிற ஆக்களுக்காக இதை எழுதுறன். டவுனில ஒரு வாகன புரோக்கர் மூலமா நாங்கள் வாங்கின கெப்பில முன் டிஃபரன்ஷியலுக்குள்ள (முன் சில்லு ரெண்டுக்கும் விசையைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) கிரவுன் வீல் எண்ட பெரிய பல்லுச் சில்லே இல்லை. நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் வீலுக்குரிய விலையை வாங்கிக்கொண்டு, பின் சில்லு மட்டும் இழுக்கிற டூ வீலைத் தலையில கட்டிவிட்டினம். அதை எப்பிடிச் செய்தவை எண்டதைக் கவனமா வாசியுங்கோ, அதே வித்தையை உங்களுக்கும் காட்டுவினம்.

எங்களுக்குக் கெப் தேவைப்பட்டது குச்சவெளிப் பக்கம் கரைவலை வாடிக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய், மீன் ஏத்திக்கொண்டு வர. புல்மோட்டை ரோட்டை விட்டு இறங்கினால் கடற்கரை மட்டும் மணல்தான். இதையெல்லாம் புரோக்கரிட்ட முதலே சொல்லியாச்சு. "பயப்பிடாதேங்கோ அண்ணை, இது மலையும் ஏறும்" எண்டார்.

உப்புவெளியில ஒரு தார் ஒழுங்கையில வைச்சு ஓட்டிக் காட்டினார். லீவரை 4எச்சில (நாலு சில்லும் இழுக்கிற வேக நிலை) போட, டாஷ்போர்டில ஃபோர் வீல் லைட் எரிஞ்சது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு வட்டம் அடிச்சார். கெப் ஓட்டோ மாதிரி லேசாத் திரும்பிச்சு. "பாருங்கோ, ஒரு இழுவை இல்லை. டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் அவ்வளவு சுத்தம்" எண்டார். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற பெட்டியைத்தான் சொன்னவர். பிறகு வாகனத்தை நிப்பாட்டி, கிளச்சை மிதிச்சு 4எல் (நாலு சில்லும் மெதுவா, கூடின பலத்தோட இழுக்கிற நிலை) போட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டு கெப் ஊர்ந்துது. "பவரைக் கேட்டீங்களோ?"

அந்த இழுவை இல்லாததுதான் களவுக்கு அத்தாட்சி. இப்பிடித் தேவைப்படேக்க மட்டும் கையால லீவர் போடுற பார்ட் டைம் ஃபோர் வீலில, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் விசை கொண்டுபோற ரெண்டு சாஃப்டுக்கும் நடுவில டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச்சில போட்ட உடனே ரெண்டு சாஃப்டும் ஒண்டாப் பூட்டுப்படும். வளைவில முன் சில்லு கூடத் தூரம் ஓட வேணும், பின் சில்லு குறைய ஓடும். மணலிலயும் சேத்திலயும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தாரில டயர் சறுக்க இடமில்லை. அப்ப அந்த முறுக்கம் முழுக்க சாஃப்டிலயும் பல்லுச் சில்லுகளிலயும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் குத்திக் குத்தி இழுக்கும், வாகனம் பிரேக் பிடிச்ச மாதிரி நிக்கும். நல்லா இருக்கிற பார்ட் டைம் வாகனம் தாரில அப்பிடித்தான் முரண்டு பிடிக்க வேணும்.

4எல் சத்தமும் அதே கதை. வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டுற பல்லுச் சில்லு டிரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குள்ள இருக்குது. முன்பக்கம் செத்துக் கிடந்தாலும் பின் சில்லுக்கு அது வேலை செய்யும். லைட்டுக்கான சுவிட்சும் அந்த பொக்ஸிலதான். லீவர் நகர்ந்ததை மட்டும்தான் அந்த லைட் சொல்லும், முன் சில்லு சுத்துதோ இல்லையோ எண்டு அதுக்குத் தெரியாது.

குச்சவெளியில லோட்டோட மணலில இறங்கினதும் பின் டயர் ரெண்டும் அச்சு மட்டும் புதைஞ்சுது. வலை இழுத்துக்கொண்டு நிண்ட பெடியன் ஒருத்தன்தான், "அண்ணை, முன் டயர் சும்மா நிக்குது" எண்டு கத்தினவன். டிராக்டர் வந்து இழுத்தெடுத்தது. ஐஸ் கரைஞ்சு மீன் பழுதாப் போன நட்டம் வேற.

கிண்ணியாவில ஒரு கராஜுக்குக் கொண்டுபோனம். மெக்கானிக் நானா பின் சில்லுகளுக்குக் கட்டை வைச்சு, முன் சில்லுகளை அச்சோட பூட்டுற ஹப் ரெண்டையும் லொக்கில திருப்பி, 4எச்சும் கியரும் போட்டு எஞ்சினை நிப்பாட்டினார். ஒரு முன் சில்லை மட்டும் ஜாக்கில தூக்கிக் கையால சுத்தினார். அசையாமல் நிக்க வேண்டிய சில்லு காத்தாடி வேகத்தில சுத்திச்சு. "தம்பி, இதுக்குள்ள ஒண்டுமில்ல" எண்டு டிஃப் நட்டைக் கழற்றினார். ஒயில் ஒரு சொட்டு இல்லை. கிரவுன் வீலைக் கழற்றி எடுத்துப்போட்டு, அதைச் சுத்துற சின்னப் பல்லுச் சில்லான பினியனை, பல்லு உடைஞ்சபடி அப்பிடியே விட்டு மூடியிருக்கினம். கீழ குனிஞ்சு பாத்தாலும் முன் சாஃப்ட் அழகாத் தொங்கும். முந்தி வைச்சிருந்த ஆள் மழைக்குப் பயந்து தாரிலயே 4எச் போட்டு ஓடிப் பல்லை உடைச்சிருப்பார் எண்டது நானாவின்ர கணிப்பு.

மாரிக்காலத்தில கந்தளாய் ரோட்டில அப்பிடிப் போற கன பேரை நானே கண்டிருக்கிறன். தண்ணி நிண்டாலும் தார் தார்தான், அதில பின் சில்லு மட்டும் இழுக்கிற 2எச்சிலதான் போக வேணும். 4எச் மணலுக்கும் சேத்துக்கும் கிரவல் பாதைக்கும். தம்பலகாமத்து வயல் வரம்பு, வெருகல் பக்கத்து உள் பாதை, இப்பிடி இடங்களுக்கு. மணலில இறங்க முதலே போட்டு, டயர் காத்தையும் பதினெட்டு இருபது பிஎஸ்ஐக்கு இறக்கி, ஒரே சீராப் போங்கோ. மணலில எடுத்த உடனே 4எல் போட்டு அக்சிலேட்டரை மிதிச்சா, சில்லு தனக்குத் தானே குழி தோண்டும். 4எல் எண்டது வள்ளம் இழுக்க, செங்குத்தா இறங்க, புதைஞ்சதை மெல்ல எடுக்க. வாகனத்தை நிப்பாட்டித்தான் அதைப் போட வேணும். அந்த ஃபோர் வீல் லீவரை "N" (நியூட்ரல்) எண்ட இடத்தில விட்டுட்டு இறங்கிப் போகாதேங்கோ, கியரில நிண்டாலும் வாகனம் உருளும், கை பிரேக் மட்டும்தான் காப்பு.

"பஜிரோ தாரில 4எச்சில ஓடுதே" எண்டும் அந்தப் புரோக்கர் சொன்னவர். சூப்பர் செலக்ட் எண்ட ஃபோர் வீல் முறை உள்ள பஜிரோவில நடுவில டிஃபரன்ஷியல் இருக்குது, அது ஓடலாம். அதிலயும் நடு டிஃபைப் பூட்டுற 4எச்எல்சியைத் தாரில போடக்கூடாது. அநேகமான பிராடோக்களும் பழைய டிஃபெண்டரும் எந்த நேரமும் நாலு சில்லிலயும் இழுக்கிற வாகனங்கள். அதுகளின்ர நியாயத்தைக் கொண்டுவந்து பார்ட் டைம் கெப் விக்கிறது சுத்த ஏமாத்து.

வாங்கப் போறவை, நாலு டயரும் ஒரே சைஸோ எண்டு முதல்ல பாருங்கோ. கையால பூட்டுற ஹப் இருந்தால் அதைப் பூட்டிப்போட்டு, கிரவலில 4எச் போட்டு, ஒருவரைக் கீழ நிக்க வைச்சு முன் சில்லும் கிரவலைக் கிளறி இழுக்குதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. தாரில 4எச்சிலயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு சில அடி மட்டும் நகத்துங்கோ. முரண்டு பிடிச்சால் நல்லம். லீவர் இறுகினால் நேரா ரிவர்ஸில கொஞ்சம் போக விடுபடும். ஹப் கையால பூட்டுற வாகனமெண்டால் நானா செய்த ஜாக் சோதனை போதும், பட்டனை அமத்தி ஃபோர் வீல் போடுற வாகனமெண்டால் கராஜில நாலு சில்லையும் தூக்கி ஓடவிட்டுப் பாக்க வேணும். முன் டிஃப் ஒயிலையும் திறந்து பாருங்கோ. ஒப்பந்தக் கடதாசியில "ஃபோர் வீல் வேலை செய்கிறது" எண்ட வரியை எழுதி ஒப்பம் வாங்குங்கோ. எங்களின்ரயில "உள்ளபடியே" எண்டு மட்டும் இருக்குது.

புரோக்கரிட்டப் போய்க் கேட்டதுக்கு, "வாங்கேக்க லைட் எரிஞ்சதுதானே அண்ணை?" எண்டார். இன்னொரு டிஃப் போட ரெண்டு லட்சத்துக்கு மேல கைக்காசு போட்டது. அதே ஆள் இப்ப வேறொரு கெப்புக்கு "ஃபோர் வீல் நூறு வீதம்" எண்டு விளம்பரம் போட்டிருக்கிறார். பாக்கப் போறவை ஒரு ஜாக்கும் கொண்டுபோங்கோ.