தொலைபேசியில் உசாத்துணை: ஒரு பொதுநூலகத்தின் மும்மொழிச் சேவை

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள ஒரு பொதுநூலகத்தின் உசாத்துணைப் பகுதியை, அதாவது கேட்கும் தகவலை நூல்களில் தேடித் தரும் பிரிவை, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தொலைபேசி வழியாக அணுகலாம் என்று அதன் வாயிலில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது. கடந்த சில மாதங்களில் மூன்று தேவைகளுக்காக அச்சேவையை நாடினேன். அப்பகுதியில் பணியாற்றுவோர் இருவரே என்பதால், நான் சொல்லப்போகும் குறைகள் அவர்கள் தலையில் விழாதிருக்க நூலகத்தின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன்.

முதலாவது, என் தாயாரின் பிறப்புச் சான்றிதழ் பற்றியது. அவர் 1958 இல், இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலில் பிறந்தவர். சான்றிதழிலோ மாவட்டம் மட்டக்களப்பு என்று இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் அதனைப் பிழையென்று கருதி, திருத்திக்கொண்டு வருமாறு கூறிவிட்டார்கள். படிவம், கட்டணம் போன்றவற்றை 1919 என்ற அரச தகவல் நிலையத்திலும் மூன்று மொழிகளில் கேட்டுக்கொள்ளலாம்; ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பழைய நிருவாக வரலாறு. நூலகர் எடுத்த எடுப்பில் பதில் சொல்லவில்லை. "ஆண்டு மட்டும் தெரிந்தால் போதுமா, அலுவலகத்தில் காட்டுவதற்கு அச்சில் ஏதும் வேண்டுமா?" என்று திருப்பிக் கேட்டார். அதுவரை நான் அப்படி யோசித்திருக்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி 1961 ஏப்ரலில்தான் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது என்பதையும், ஆகவே சான்றிதழில் பிழை எதுவும் இல்லை என்பதையும் விளக்கிய அவர், உரிய பக்கத்தை அடையாளமிட்டு வைத்திருந்தார். மறுநாள் சென்று போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டேன். அதன் பின்னர் அலுவலகத்தில் யாரும் திருத்தம் கேட்கவில்லை.

இரண்டாவது அழைப்பே சேவையின் உண்மையான பரீட்சை. எங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியை உகனையைச் சேர்ந்தவர். வைகாசியில் எங்கள் ஊர்களில் நடைபெறும் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கை, அதாவது அம்மனின் சினத்தைக் குளிர்விக்கும் சடங்கைப் பற்றித் தம் தாய்மொழியான சிங்களத்திலேயே கேட்டறிய விரும்பினார். முதல் நாள் எடுத்தவருக்குச் சிங்களம் தெரியவில்லை. சற்றுப் பொறுக்குமாறு தமிழில் கூறிவிட்டுச் சென்றவர் திரும்பவே இல்லை. சிங்களம் அறிந்த உதவியாளர் செவ்வாயும் வியாழனும் மட்டுமே வருவார் என்பதை நேரில் சென்று கேட்ட பிறகுதான் அறிந்தோம். அறிவித்தலில் அதற்கென ஒரு வரி இல்லை.

வியாழக்கிழமை கிடைத்த உதவியோ நாங்கள் எதிர்பாராதது. சடங்கைப் பற்றி அங்கிருந்த நூல்கள் யாவும் தமிழில் இருந்தபடியால், உதவியாளர் ஒரு நூலைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, பந்தி பந்தியாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று வணங்குபவளே எங்கள் கண்ணகி என்பதிலிருந்து அவர் தொடங்கியதால், ஆசிரியைக்குப் பாதி விளக்கம் அப்போதே கிடைத்துவிட்டது. கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்டு வழக்குரைத்த கதையைச் சொல்வதும் கோவிலில் பாடப்படுவதுமான வழக்குரைக்குச் சரியான சிங்களச் சொல் அகப்படாமல் சிறிது நேரம் தடுமாறினார். பிறகு, பொருத்தமற்ற ஒரு சொல்லைச் சொல்வதைவிட அப்பெயரையே வைத்துக்கொள்வோம் என்று கூறி, அது எதைப் பற்றிய பாடல் என்பதை விளக்கினார். நூல் ஒரு மொழியிலும் கேட்பவர் இன்னொரு மொழியிலும் இருக்கும்போது இடையில் இப்படி ஒருவர் இருப்பதைத்தான் மும்மொழிச் சேவை என்று நான் கொள்கிறேன். மூன்று மொழிகளிலும் வணக்கம் சொல்லிவிட்டு வைப்பதற்கு நூலகம் எதற்கு?

மூன்றாவது அழைப்பு கனடாவிலுள்ள என் மருமகனுடையது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி பற்றி ஆங்கிலத்தில் கேட்டான். அந்த வாரத்துப் பத்திரிகைகள் தம்மிடம் இல்லையென்றும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் விசாரிக்குமாறும் இரண்டு நிமிடத்தில் தெளிவாகக் கூறிவிட்டார்கள்.

பிற்பகலில் ஒப்படைக்குத் தகவல் கேட்கும் மாணவர்களின் அழைப்புகளால் இணைப்புக் கிடைப்பது அரிது. இலக்கத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப அழைக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே நூலைத் தேடி எடுக்கும்வரை காத்திருக்கும் செலவு அழைப்பவருடையதே. முற்பகலில், கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். சிங்களத்தில் பேச வேண்டுமானால் செவ்வாய் அல்லது வியாழன்.