வெள்ளெழுத்தை மாடல் செய்ய ஃபெபியோ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைத் தள்ளிப் பிடிக்க வைப்பது, கண் லென்ஸ் இறுகிப்போவதுதான். அந்த இறுக்கம் எங்கும் ஒரே சீராக ஏறுவதில்லை. இளம் லென்ஸில் நடுக்கரு வெளிப்புறத்தைவிட மென்மை. 35-40 வயது வாக்கில் இரண்டும் சமமாகி, பிறகு கரு முந்திவிடும்.

இதை மாடல் செய்ய, யூட்டா, கொலம்பியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய ஃபெபியோ (உயிர்த்திசு விசைக்கு எப்படி உருமாறும் என்று கணக்கிடுவது) அருமையான மென்பொருள். இலவசம்; மூலநிரலும் திறந்தது. விறைப்பை ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல், எக்ஸ், ஒய், இசட் ஆயங்களை வைத்துச் சூத்திரமாகவே எழுதிவிடலாம். கரு-வெளிப்புற வேறுபாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் 60 வயது லென்ஸுக்கு எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. லென்ஸ் ஆண்டுக்குச் சுமார் 0.02 மி.மீ. தடிக்கும், மெஷ்ஷும் (லென்ஸை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை) மாற வேண்டும்.

பலர் சறுக்குவது மூனி-ரிவ்லினில், அதாவது ரப்பர் போல நெகிழும் பொருளுக்கான சூத்திரத்தில். இங்கே சறுக்குக் குணகம் (வடிவம் மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) என்பது சூத்திரத்தில் நாம் கொடுக்கும் சி1, சி2 எண்களின் கூட்டுத்தொகையின் இரு மடங்கு. சி2-ஐ 0 ஆக வைத்து, 1 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் சி1 = 0.5 கிலோபாஸ்கல். மி.மீ., நியூட்டன் அலகில் அது 0.0005. பருமக் குணகம் (கனஅளவு மாறுவதற்கான எதிர்ப்பு) அதற்கு 1000 மடங்கு, அதாவது 0.5. ரொம்பக் கூட்டினால் தீர்வு குவியாமல் திணறும்.

ஃபெபியோவில் அச்சுச் சமச்சீர் எலிமென்ட் (வட்டமான பொருளின் ஒரு வெட்டுமுகத்தை வைத்தே முழுதையும் கணக்கிட உதவுவது) கிடையாது. இது பெரிய குறை. லென்ஸில் 10 பாகை ஆப்பு வெட்டி, இரு பக்கமும் சமச்சீர் தளம் கொடுங்கள். முழு வட்டத்துக்கு விசையை 36-ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

லென்ஸைச் சுற்றியுள்ள உறைக்கு ஷெல் எலிமென்ட் (மெல்லிய படலத்துக்கானது). ஒரே தடிப்பு கொடுத்தால் வளைவு பிசகும்: பின் துருவத்தில் 4 மைக்ரான் வாக்கில் இருக்கும் உறை, முன்பக்கம் இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. லென்ஸைத் தாங்கும் இழைகளுக்கு இழுவிசை மட்டும் ஏற்கும் ஸ்பிரிங் இருக்கிறது. எல்லாவற்றையும் நடுவிளிம்பில் ஒரே புள்ளியில் கட்டினால் அந்த எலிமென்ட் உள்வெளியாகப் புரண்டு, 'நெகட்டிவ் ஜேக்கோபியன்' என்று ரன் நின்றுவிடும். முன், நடு, பின் என மூன்று பட்டைகளாகப் பிரித்து, 0.5 மி.மீ. இழுப்பை 20 படிகளில் ஏற்றுங்கள்.

தொடக்க வடிவம், கிட்டப்பார்வைக்குக் குவிந்த லென்ஸாகவே இருக்கட்டும். இழைகள் தளர்ந்திருப்பது அப்போதுதான். தூரப்பார்வை நிலையின் ஸ்கேனை அழுத்தமற்றதாகக் கொண்டால் முழுக் கணக்கும் தலைகீழ்.

டையாப்டர் அளவை (லென்ஸின் ஒளித்திறனை) ஃபெபியோ தராது. நடு 3 மி.மீ. புள்ளிகளுக்கு வட்டம் பொருத்தி, ஒளிவிலகல் எண் 1.42 (லென்ஸ்), 1.336 (சுற்றியுள்ள திரவம்) என்று வைத்து நீங்களே கணக்கிட வேண்டும்.